கைலாசபுரத்து மிதவை: ஃப்ளஷ் டேங்க் ஒழுக்கம் குறித்து ஒரு முன்னாய்வு

திருச்சி கைலாசபுரம் பெல் நிறுவனத்தின் நகரியம். 1965-இல் தொடங்கிய உயரழுத்தக் கொதிகலன் ஆலையின் ஊழியர்களுக்காக எழுந்தது. பெருங்கொதிகலனின் நீராவி உருளையில் தண்ணீர் மட்டம் ஏறினாலும் வம்பு, இறங்கினாலும் வம்பு. ஆகவே மட்டம், உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் நீராவி மூன்றையும் ஒருசேரப் பார்த்து வால்வைத் திறப்பதும் மூடுவதும் வழக்கம். இந்த வித்தை தெரிந்தவர்கள் குடியிருக்கும் ஊரிலும் கழிவறைத் தொட்டி விடிய விடிய ஒழுகக்கூடும் என்பதே இவ்வாய்வின் தோற்றுவாய்.

அத்தொட்டியில் தானே மட்டம் காக்கும் மிதவை புதுச் சரக்கன்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் தெசிபியஸ் நீர்க்கடிகாரத்தில் அதைப் பயன்படுத்தினார். 1765-இல் ரஷ்யாவின் இவான் பொல்சுனோவ் கொதிகலனுக்கு மிதவைக் கட்டுப்பாடு அமைத்தார். சரியாக 200 ஆண்டு கழித்துத் திருச்சியில் கொதிகலன் ஆலை! இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் ஆய்வுக் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடுவது மரபன்று.

தொட்டியின் நோய் மூவகைப்படும்: நிரம்பாமை, நில்லாமை, அடித்துப் போகாமை.

நிரம்பாமைக்குக் காரணம் பெரும்பாலும் பாதி மூடிய ஆங்கிள் காக், அல்லது பால் வால்வின் வாயில் அடைத்த மணலும் துருவும். மாடித் தொட்டி காலியா என்று பாராமல் வால்வைக் கழற்றுவோர் தனிப் பிரிவினர்.

நில்லாமை இருவகை. தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயில் வழிந்தால் குற்றம் மேலே: வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மிதவை ஓட்டையாகியிருக்கும். பழைய பந்து மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலக்கும். தண்ணீர் குடித்த மிதவை எழும்பாது, வால்வும் மூடாது. வழியாமலே மட்டம் இறங்கினால் குற்றம் அடியில் உள்ள ரப்பரில். தொட்டியில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் காக்க வேண்டும். கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிவு உறுதி. காவல் காப்பதுதான் இச்சோதனையின் கடினமான பகுதி.

அடித்துப் போகாமைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். கோப்பையில் வேகமாக ஊற்றியதும் போய்விட்டால் குற்றம் மேலே: தொட்டியில் மட்டம் குறைவு, அல்லது கோப்பையின் விளிம்புத் துளைகளில் உப்புப் படிவு. போகாவிட்டால் அடைப்பு கீழே.

நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் நாளொன்றுக்கு 144 லிட்டர். 6 லிட்டர் தொட்டிக்கு 24 ஃப்ளஷ். அதாவது யாரும் போகாமலே மணிக்கொரு தரம். பொத்தானைத் தட்டி நிறுத்தும் மரபினர் இக்கணக்கை ஏற்பதில்லை. தட்டினால் நிற்கிறதே என்பது அவர்கள் வாதம். ரப்பர் சற்றே நகர்ந்து உட்காருவதால் நிற்கிறது, அவ்வளவுதான். அடுத்த ஃப்ளஷில் மறுபடியும் ஒழுகும். புது ரப்பர் மாட்டி மறுபடி நீலம் விட்டுப் பார்க்கும்வரை இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டில் உறுதியாக இருக்கின்றன.