ஆற ஆறு மாசம்

ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்ப ஒரு நிமிஷம் போதும். காலையில் கேட்டில் கார்டு வேலை செய்யாது, அவ்வளவுதான். கல்யாணமும் சுலபம். இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவுப்படி, உறவும் நட்பும் பார்க்க மாலை மாற்றினால் முடிந்தது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். அதே இருவரும் பாத்திரம் உடைக்காமல், "ஒத்துவரல, பிரிஞ்சுக்கிறோம்" என்று சேர்ந்து வந்து சொன்னால் மட்டும் சர்க்காருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்படிச் சேர்ந்து கேட்கும் மியூச்சுவல் விவாகரத்துக்கு அதே சட்டத்தில் 1976இல் சேர்த்தது 13பி பிரிவு. முதலில் ஒரு வருஷம் பிரிந்திரு. பிறகு மனுப் போடு. பிறகு ஆறு மாசம் ஆறப்போடு, மனசு மாறலாமாம்! ஆறிப் பழங்கஞ்சியான பிறகுதானே ஐயா வந்திருக்கிறார்கள்? தீர்ப்புக்கு முன்னால் ஒருவர் "மாட்டேன்" என்றாலும் எல்லாம் பாழ். அந்த ஒரு "மாட்டேன்" என்ன விலைக்குப் போகும் என்பது இரு வீட்டு மாமன்களுக்கும் அத்துப்படி.

ஆறு மாசம் கட்டாயமில்லை என்று அமர்தீப் சிங் வழக்கில் 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாராள மனசு! ஆனால் ஒன்றரை வருஷம் பிரிந்திருந்ததையும், ஜீவனாம்சமும் பிள்ளை விவகாரமும் தீர்ந்ததையும் காட்டித் தனி மனுப் போட வேண்டும். காத்திருக்க முடியாது என்று சொல்ல ஒரு வாய்தா காத்திருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்துக் கோர்ட் வராந்தாவில் தூங்கி வழிபவனுக்கு வக்கீல் ஃபீஸ் ஒரு பக்கம், சம்பள வெட்டு ஒரு பக்கம்.

இதெல்லாம் மியூச்சுவலுக்கு ஒத்துக்கொண்டவர்கள் பாடு. ஒத்துக்கொள்ளாதவர்கள் பாடு இன்னும் மோசம். ஓசூரின் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியிலும் சண்டை போடத் தெரிந்த எல்லை ஊர் இது. அவன் பெங்களூரில் கேஸ் போட்டு, அவள் அதை ஓசூருக்கு மாற்றக் கேட்டால், நடுவில் இருப்பது நாற்பது கிலோமீட்டர். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் அதிகாரமோ டெல்லியில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்!

ஆகவேதான் முத்திரைத்தாளில் எழுதி, நாலு பெரிய மனிதர் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் வாங்கி, அத்துவிட்டாச்சு என்று அடுத்த கல்யாணத்துக்குப் போகிறார்கள். சாதி வழக்கம் என்று நிரூபித்தாலொழிய அது வெறும் காகிதம். இரண்டாவதாக வந்தவள் இ.எஸ்.ஐ. கார்டில் பேர் சேர்க்கப் போகும்போதுதான் விஷயம் தெரியும்.

"கோர்ட்டு டிகிரி இருக்காம்மா?"

"இல்லைங்க சார். அவரு ஐடிஐதான்."