கோடையில் ஒரு கொடைமடம்

பெறுபவர்க்குத் தேவை உண்டா, அவர் கேட்டாரா என்று ஆராயாமல் அள்ளிக் கொடுக்கும் வெள்ளந்தித்தனத்தைத் தமிழ் மரபு ‘கொடைமடம்’ என்று அழைக்கிறது. முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவிட்டு நடந்து போன பாரியும், மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைப் போர்த்திய பேகனும் இதற்குக் காட்டப்படும் சான்றுகள். இக்குணம் கடையெழு வள்ளல்களோடு வழக்கொழிந்துவிட்டது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் பிரித்தானிய வீடுகளில் சன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நிற்கும் ரேடியேட்டர் என்னும் வெள்ளை எஃகுத் தகடு, ஜூலை மாதத்துப் புழுக்கமான இரவொன்றில், வீட்டார் மின்விசிறியைத் தேடிப் பரணைக் குடைந்துகொண்டிருக்கும் வேளை பார்த்து எவரும் கேளாமலே வெதுவெதுக்கத் தொடங்குவதைக் கண்டவர்கள், அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்களாகின்றனர். மயிலாவது தோகையை விரித்து ஏதோ ஒரு குறிப்புக் காட்டியது. வீட்டார் அதுவும் காட்டுவதில்லை.

இவ்வள்ளலின் இயல்பை அறிய அதன் குடும்ப அமைப்பை அறிதல் வேண்டும். பெரும்பாலும் எரிவாயுவில் எரியும் பாய்லர் நீரைச் சூடாக்க, பம்ப் அந்நீரைத் தள்ள, 22 மில்லிமீட்டரும் 15 மில்லிமீட்டரும் பருமனுள்ள செப்புக் குழாய்கள் அதை அறைதோறும் கொண்டுசென்று, ரேடியேட்டரின் ஒரு முனையில் புகுத்தி, வெப்பத்தை இறக்கிவைத்த பின் மறுமுனையில் பெற்றுப் பாய்லரிடமே சேர்க்கின்றன. முன்னதை வரவுக்குழாய் என்றும் பின்னதைத் திரும்புகுழாய் என்றும் இங்குக் குறிப்பிடலாம். பழைய அமைப்பில் பாய்லருக்கு இன்னொரு கடமையும் உண்டு: குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வேண்டிய நீர் செப்பு உருளை ஒன்றில் சுமார் 60 டிகிரி செல்சியஸில் காத்திருக்க, அதனுள் சுருண்டு கிடக்கும் குழாய் வழியே பாய்லரின் நீர் ஓடி, உருளையின் நீரோடு கலக்காமலே அதைச் சூடாக்கிவிட்டுத் திரும்புகிறது. கோடையில் இந்த இரண்டாம் கடமை மட்டும் நடைபெற வேண்டும், முதற்கடமை உறங்க வேண்டும் என்பது விதி. அவ்விதியைக் காக்கும் காவலன் ஒரே ஒரு வால்வு என்பதே இக்கட்டுரையில் வரும் துன்பங்கள் பலவற்றுக்கும் தோற்றுவாய்.

ஆராய்ச்சியின் முதற்படி, ரேடியேட்டரைக் குற்றம் சாட்டுவதை நிறுத்துதல். அதற்குச் சுயபுத்தி கிடையாது. சூடான நீர் வந்தால் சுடும், வராவிட்டால் ஆறும். ஆனால் வீட்டுக்காரரோ கைக்கு எட்டியதைத்தான் கண்டிப்பார். அதன் பக்கவாட்டில் உள்ள குமிழை வலப்பக்கம் முறுக்குவார், இடப்பக்கம் முறுக்குவார், முடிவில் எந்தப் பக்கம் மூடும் பக்கம் என்பதையே மறந்துவிடுவார். அக்குமிழ் அறைவெப்பத்தை உணர்ந்து தானே திறந்து மூடும் வால்வின் தலை. டென்மார்க்கின் மாட்ஸ் கிளௌசன் 1943இல் கண்டுபிடித்த கருவியின் வழிவந்தது. அதற்குள் இருக்கும் மெழுகோ திரவமோ வெப்பத்தில் விரிந்து ஓர் ஊசியை அழுத்த, நீரின் வழி அடைபடுகிறது. இக்கருவி வாயிற்காப்போன் மட்டுமே. வந்தவரை உள்ளே விடவோ தடுக்கவோ அறியுமேயன்றி, யாரையும் கூப்பிட்டனுப்பும் அதிகாரம் அதற்கு இல்லை.

கோடையில் வீடெங்கும் இத்தகைய காப்போன்கள் கதவடைத்து நிற்க, வழக்கமாக அத்தலை பொருத்தப்படாத கூடத்து ரேடியேட்டரோ குளியலறை ரேடியேட்டரோ மட்டும் கொதிப்பதுண்டு. அது ஒன்றுதான் சுடுகிறது என்பதால் குற்றம் அதனுடையதே என்று தீர்ப்பெழுதுவது, ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது திண்ணையில் இடம் கொடுத்தவனைத் திருடனுக்குக் கூட்டாளி என்பது போன்றது. கேட்கத்தக்க கேள்வி, சூடான நீரை அனுப்பியது யார் என்பதே. அதற்கு விடைகள் மூவகைப்படும்: எவரோ கேட்டிருக்கலாம்; காவலன் உறங்கியிருக்கலாம்; நீர் புறவாசல் வழியே நுழைந்திருக்கலாம்.

முதல் வகையில் கேட்டவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே. கேட்டது மட்டும் நினைவில் இராது. பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்னும், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று அதே அளவு பின்னும் நகர்த்தப்படுகின்றன. கைப்பேசி தானே மாறிக்கொள்கிறது, சமையலறைக் கடிகாரத்தை யாராவது நாற்காலி போட்டு மாற்றுகிறார்கள், பாய்லரின் டைமரை மட்டும் எவரும் நினைப்பதில்லை. முற்பகலையும் பிற்பகலையும் மாற்றிக் குறித்துவிட்டு, மாலையில் வரவேண்டிய சூடு விடியற்காலையில் வந்து எழுப்பியதும் பேய் என்று ஐயுறுவோரும் உளர். புதிய தெர்மோஸ்டாட்டுகளுள் சில, காலை 7 மணிக்கு 20 டிகிரி வேண்டும் என்று சொன்னால், அவ்வெப்பத்தை அடைய எடுக்கும் நேரத்தைத் தாமே கணக்கிட்டு இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஏழு மணிக் கல்யாணத்துக்கு நான்கு மணிக்கே வந்து பந்தியில் உட்காரும் உறவினரைப் போல இவற்றின் நோக்கம் பழுதற்றது. கடுங்குளிரில் குழாய் உறைந்து வெடிக்காதிருக்க, நீரின் வெப்பம் 5 டிகிரி அளவுக்கு இறங்கியதும் தாமே எரியத் தொடங்கும் பாய்லர்களும் உண்டு. இவை எதுவும் பழுது அல்ல என்பதால் இவற்றைச் சரிசெய்ய வந்தவருக்குக் கூலி கொடுப்பதில் மட்டும் தனி வருத்தம் உண்டு.

இரண்டாம் வகையே ஆராய்ச்சிக்கு உகந்த வளம் மிக்க பகுதி. உருளை நிற்கும் அலமாரியின் கதகதப்பில் துவாலைகளையும் போர்வைகளையும் அடுக்கி ஈரம் போக்குவது அந்நாட்டு வழக்கம்; அவற்றையெல்லாம் கட்டிலுக்கு இடம்பெயர்த்த பின்னரே, குழாய்களின் சந்திப்பில் குந்தியிருக்கும் உள்ளங்கை அளவான உலோகப் பெட்டி கண்ணுக்குப் புலப்படும். அதனுள் சிறு மோட்டார் ஒன்றும் வில் ஒன்றும் உள்ளன. மூன்று வாய்கள் கொண்ட வகையில், ஓய்வு நிலையில் வில்லானது உருளைக்குச் செல்லும் வழியைத் திறந்தும் ரேடியேட்டர்களுக்குச் செல்லும் வழியை அடைத்தும் வைத்திருக்கிறது. இரண்டும் வேண்டுமெனில் மோட்டார் அதை நடுவில் நிறுத்துகிறது. ரேடியேட்டர் மட்டும் போதுமெனில் மறுகோடிக்குத் தள்ளுகிறது. பல ஆண்டுகள் நீரில் ஊறிய அதன் தண்டு ஒருநாள் நடுவிலேயே இறுகிவிடுமானால், அதன்பின் குளிக்க நீர் கேட்கும்போதெல்லாம் கூடமும் சேர்ந்து காய்கிறது. இரு தரப்புக்கும் நல்லவராக நடுவில் நிற்பவரால் குடும்பத்துக்கு விளையும் செலவு எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

உருளைக்கு ஒன்று, ரேடியேட்டர்களுக்கு ஒன்று என இரண்டு வால்வுகள் வைத்த வீடுகளில் நோய் இன்னும் நுட்பமானது. அங்கே வால்வு முழுதும் திறந்ததும் அதனுள் இருக்கும் ஒரு குட்டி சுவிட்ச், ஆரஞ்சு நிற ஒயர் வழியே பாய்லருக்கும் பம்புக்கும் ‘வழி திறந்தாயிற்று, வரலாம்’ என்று செய்தி அனுப்புகிறது. வில் தளர்ந்தோ தண்டு இறுகியோ ரேடியேட்டர் வால்வு மூடாமல் நின்றுவிட்டால் அச்செய்தியும் நிற்காது. டைமரும் தெர்மோஸ்டாட்டும் அணைந்திருக்க, பாய்லர் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். இதைச் சோதிக்கும் முறை எளிது: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெட்டியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ள வேண்டும். அது எதிர்த்து முரண்டு பிடித்தால் வால்வு தன் இடத்துக்கு ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். எதிர்ப்பே இன்றித் தளர்ந்து ஆடினால் திரும்பவில்லை என்று பொருள். முரண்டு பிடிப்பதை நலத்தின் அறிகுறியாகக் கொள்ளத்தக்க உறுப்பினர் அவ்வீட்டில் இது ஒன்றே.

உருளையே இல்லாமல், குழாயைத் திறந்த நொடியில் நீரைச் சூடாக்கித் தரும் ‘காம்பி’ பாய்லரில் இவ்வால்வு பாய்லரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அது முழுதாக மூடாவிட்டால், மாடியில் ஒருவர் குளிக்கத் தொடங்கியதும் கீழே கூடத்து ரேடியேட்டர் வெதுவெதுக்கும். அந்த அளவுக்குக் குளிப்பவரின் நீர் ஆறிப்போகும். குளிப்பவர் நீர் ஆறிவிட்டதென்று மேலிருந்தும், அமர்ந்திருப்பவர் வேர்க்கிறதென்று கீழிருந்தும் குரல் எழுப்பும்போது, இரண்டும் ஒரே புகார் என்பதை இருவரும் உணர்வதில்லை.

மூன்றாம் வகை குழாய் அமைத்தவரின் கைவண்ணம். உருளையிலிருந்து வரும் திரும்புகுழாய், ரேடியேட்டர்களின் திரும்புகுழாய்கள் யாவும் சேர்ந்த பிறகே, பாய்லருக்கு மிக அருகில் கடைசியாக இணைய வேண்டும். அதற்கும் பாய்லருக்கும் இடையே பிற்காலத்தில் எவரோ புதிய ரேடியேட்டர் ஒன்றைச் செருகிவிட்டால், பம்பின் அழுத்த வேறுபாட்டால் சூடான நீர் சில ரேடியேட்டர்களுக்குள் வெளியேறும் வாசல் வழியாகவே நுழைகிறது. இதைக் கண்டுபிடிக்கும் கருவி உள்ளங்கையே. குளிர்காலத்தில் எந்த முனைக் குழாய் முதலில் சுடுகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, கோடையில் குற்றம் நிகழும் வேளையில் தரையில் மண்டியிட்டு இரு குழாய்களையும் இரு கைகளால் பற்றிப் பார்க்க வேண்டும். மறுமுனை முதலில் சுட்டால் நீர் புறவாசல் வழியே வந்திருக்கிறது. நள்ளிரவில் ரேடியேட்டரின் முன் மண்டியிட்டுக் கண்மூடி நிற்கும் குடும்பத் தலைவரைக் கண்டு பிள்ளைகள் அஞ்சக்கூடும் என்பது இம்முறையின் ஒரே குறை.

பம்ப் ஓடாத வேளையிலும் சூடு ஏறுமானால் அது புவியீர்ப்பின் வேலை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 998 கிராம், 60 டிகிரியில் 983 கிராம். இந்த 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி நீரின் எடை குறைந்த தைரியத்தில் சூடான நீர் மாடிப்படி ஏறி, மேல்தளத்து ரேடியேட்டருக்குள் படுத்துக்கொள்கிறது. ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்தினால் இப்பயணம் நிற்கும். துவாலை உலர்த்துவதற்கென்றே உருளையின் சுற்றோடு இணைக்கப்பட்ட குளியலறைக் கம்பிச்சட்டம் ஆண்டு முழுதும் சுடுவது மட்டும் பழுதன்று, வரம்; அதையும் பழுதெனக் கருதிப் பழுதுபார்க்க முற்பட்டோர் ஈரத் துவாலையோடு மீள்கின்றனர். பாய்லரின் உள்ளே கைவைக்கும் வேலைக்கு மட்டும், 2009 முதல் நடப்பில் உள்ள ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயருள்ளவரையே அழைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அவர் வந்து சேரும் நாள்வரை வீட்டுக்காரர் செய்வது ஒன்றே: சன்னலைத் திறந்துவிடுகிறார். இந்நிலையில் கொடைமடம் யாருடையது என்ற முதல் கேள்வியை மீண்டும் ஆராய்வது தகும். பேகன் கொடுத்தது தன் சொந்தப் போர்வையை. ரேடியேட்டரோ தன்னுடையது என்று ஒரு துளியும் கொடுப்பதில்லை, அது வழங்கும் சூட்டுக்கான பில் மாதந்தோறும் வேறொருவர் பெயரில் வருகிறது. அந்தச் சூடு திறந்த சன்னலின் வழியே எழுந்து, வெளியே கூரையோரத்தில் கேட்பாரின்றி ஒண்டியிருக்கும் புறாவின் மேல் படுகிறது. புறா நடுங்கவுமில்லை, அகவவுமில்லை. போர்த்துபவர் மட்டும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நிற்கிறார்.