காப்புறுதி படிப்பிக்கிற சேர்

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுப்பது வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும். அதில் காப்புறுதி என்றொரு அலகு உண்டு. நட்டஈட்டுத் தத்துவத்தை உதாரணம் காட்டி அரை மணித்தியாலம் விளாசுவேன். என்னுடைய சம்பளத்தில் மாதா மாதம் வெட்டுகிற காப்புறுதி எதற்கு என்று எந்தப் பிள்ளையாவது கேட்டிருந்தால், மணி அடிக்கும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

சம்பளத் துண்டின் கழிவுப் பக்கம் உங்களுக்கும் பழக்கம்தானே. இடர் கடன், பண்டிகை முற்பணம், விதவைகள் அநாதைகள் நிதி, நலன்புரிச் சங்கம் என்று ஒரு பெரிய கூட்டம். அதற்குள் ஒடுங்கி நிற்கும் ஒரு வரிதான் அக்ரஹார, அரசாங்க உத்தியோகத்தருக்கான மருத்துவக் காப்புறுதி. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. இதெல்லாம் பிற்பாடு படித்தது. அந்தக் காலத்தில் துண்டில் நான் வாசித்தது கடைசித் தொகையை மட்டும்தான், அதுவும் ஒரு கண்ணால்.

அப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் சில்வர், கோல்ட் என்று புதுத் தரங்கள் வந்தன. கூடக் கட்டினால் கூடக் கிடைக்கும், விரும்பினவர் ஃபோம் நிரப்பலாம். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். காப்புறுதி படிப்பிக்கிறவன் அல்லவா? நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "கணித சேரிட்டக் கேளுங்க" என்றேன்.

கணித சேர் உடனே கணக்குப் போட்டார். மாதத்துக்கு சில நூறு ரூபாய் வித்தியாசம். ஓய்வுபெறும்வரை பெருக்கினால் இன்னொரு பழைய பைக் வாங்கலாம். (2022இல் ஓய்வு வயது 65 ஆகி, அதே வருசம் மறுபடி 60க்கு இறங்கியபோது அந்த பைக்கின் விலையும் ஏறி இறங்கியது.) எனக்கு அந்தக் கணக்கு நல்லாய்ப் பிடித்துப்போனது. பழைய தரத்திலேயே இருந்துவிட்டேன். அந்த இரண்டாவது பைக் இன்னும் வரவில்லை.

குடும்ப விபரப் படிவத்தில் தங்கியிருப்போர் என்ற இடத்தில் முதல் ஆளாய் உம்மாவின் பெயரை எழுதினேன். ஒப்பிஸ் மிஸ் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார். "கலியாணம் முடிச்சாக்களுக்கு மனுசியும் பிள்ளைகளும்தான் சேர். உம்மா வாப்பாவைப் போடுறண்டா நீங்க முடிக்காம இருந்திருக்கணும்." வீட்டில் போய்ச் சொன்னேன். உம்மா மருமகளைப் பார்த்தார். மருமகள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இராச் சாப்பாட்டில் மீன் தலை எனக்கு வரவில்லை.

கொஞ்ச நாளில் இடுப்பில் வலி எடுத்தது. அருவக்காட்டில் சுண்ணாம்புக் கல் வெட்டி பாலாவியில் சீமெந்து செய்கிற ஊர்ப்பக்கம் எங்களுடையது. என் சிறுநீரகம் சொந்தமாக ஒரு கிளை திறந்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மறித்தார்கள். நான் டொக்டரைக் கெஞ்சி, மறுநாளே டிக்கட் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அரசாங்க வார்டில் படுக்கிற ஒவ்வொரு இரவுக்கும் அக்ரஹார ஒரு தொகை தரும் என்று பிறகு அந்த கணித சேரே சொன்னார். வாழ்க்கையில் நித்திரைக்குச் சம்பளம் கிடைத்த ஒரே சந்தர்ப்பம், அதிலும் லீவு போட்டுவிட்டேன்.

கல் கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெளியேறியது. கூடவே என் சேமிப்பும் வெளியேறியது. "ஒரிஜினல் பில் முக்கியம் சேர், பத்திரமா வைங்க" என்றார் ஒப்பிஸ் மிஸ். பத்திரம் என்பதை எங்கள் வீட்டுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்த குடும்பம் நாங்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வாப்பாவின் சம்பளப் புத்தகம் எல்லாம் அங்கேயே போய்விட்டன. அதன் பிறகு கையில் ஒரு கடதாசி கிடைத்தால் உம்மாவுக்கு ஒரே பேச்சுத்தான்: "போய் லெமினேட் பண்ணு."

போனேன். சந்தியில் இருக்கிற கொமினிகேஷனில் பில், ஸ்கேன் ரிசிட், பார்மசி ரிசிட் எல்லாவற்றையும் கொடுத்தேன். பெடியன் ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட்டான். பெரிய பில் பளபளவென்று வந்தது. அடுத்து ஸ்கேன் ரிசிட் போனது. மறுபக்கம் வரும்போது கன்னங்கரேலென்று, ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் வெள்ளையாய். சூடு பட்டால் கறுக்கிற கடதாசியில்தான் அந்த ரிசிட் அடிப்பது என்பது எனக்குத் தெரியாது. பெடியனுக்குத் தெரியும். "நீங்கதானே சேர் எல்லாத்தையும் எண்டு சொன்னீங்க" என்றான். அவன் என்னிடம் படித்தவன், சொன்னதைச் செய்வான்.

பளபளத்த பில்லை ஒப்பிஸ் மிஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வடிவா இருக்கு. ஆனா இதுல சீல் பிடிக்காது, சேர்." கறுத்த ரிசிட்டைக் கையில் எடுத்தவர், எக்ஸ்ரே என்று நினைத்துத் தனியாக வைத்துவிட்டார்.

உலகத்தில் எல்லா ஆசிரியரும் என்னைப் போல இல்லை. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் 2018 பெப்ரவரியில் 55 கவுண்டிகளிலும் பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டு ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். சம்பளம் ஒரு பிரச்சினை, காப்புறுதி மற்றது. கோ365 என்ற ஆப்பில் சேர்ந்து, நடந்த கணக்கெல்லாம் காட்டிப் புள்ளி எடுக்காவிட்டால் மாதம் 25 டொலர் கூடக் கட்டவேண்டும் என்றொரு திட்டம் கிளம்பியிருந்தது. எதிர்ப்பு வந்ததும் அதைக் கைவிட்டார்கள். வேலைநிறுத்த முடிவில் 5 வீதச் சம்பள உயர்வும் கிடைத்தது. நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை ஒன்லைன் வகுப்பை நிறுத்தியவர்கள். காப்புறுதி மாறினபோதோ, பக்கத்தில் இருந்தவரிடம் பேனை இரவல் வாங்கிக் கையெழுத்து வைத்தோம்.

அந்த ஆப் எங்கள் ஊருக்கு வராததற்கு நான் தனிப்பட்ட முறையில் சுக்ர் செய்கிறேன். நாலு வளவு தள்ளி இருக்கிற கடைக்குப் பாண் வாங்கப் போவதற்கும் பைக் எடுக்கிறவன் நான். என் புள்ளியைப் பார்த்தால் சம்பளம் முழுவதையும் வெட்டிவிடுவார்கள்.

போன தவணை அதே அலகு மறுபடி வந்தது. வழமை போல வாங்கில்களுக்கு நடுவில் நடந்து நடந்து, நட்டம் வந்த பிறகு காப்புறுதி எடுக்க ஏலாது என்பதைக் குரலை உயர்த்திச் சொன்னேன். பின்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பியது. ஒப்பிஸ் மிஸ்ஸின் மகள்.

"சேர், பில்லை லெமினேட் பண்ணினா காசு தருவாங்களா?"

அது பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.