ராசாவின் பல்வலியும் நொக்ஸின் தொப்பியும்

சீனக்குடாவில் விமானத்தளம் இருக்கிறது, எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, ரெயில் ஸ்டேஷனும் இருக்கிறது. சீனச் சாத்திரம் மட்டும்தான் இல்லாமலிருந்தது. அந்தக் குறையைத் துறைமுகத்தடித் தம்பி ஒருவர் தீர்த்துவைத்தார். கட்டாருக்குப் போவதா, வள்ளம் வாங்குவதா என்று அவருக்குக் குழப்பம். ஊர்ச் சாத்திரியார் சனியைக் காட்டி வெருட்டியதால், ‘யீ சிங்’ புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார்.

முறை லேசு. 3 நாணயங்களை 6 தரம் போட வேண்டும். சின்னம் விழுந்தால் 3, இலக்கம் விழுந்தால் 2. கூட்டுத்தொகை ஒற்றையானால் முழுக்கோடு, இரட்டையானால் நடுவில் முறிந்த கோடு. கீழிருந்து மேலே 6 கோடு அடுக்கினால் 64 உருவங்களில் ஒன்று வரும். அதன் பலனைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு வந்த பலன் பிடிக்கவில்லை. திரும்பப் போட்டார். அதுவும் பிடிக்கவில்லை. இப்படியான ஆட்கள் வருவார்கள் என்று புத்தகத்துக்கு முன்பே தெரியும். 4ஆவது உருவமே அனுபவமில்லாத இளசுகளைப் பற்றியதுதான். முதல் தரம் கேட்டால் பதிலுண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் ஒன்றும் கிடையாது என்று அது முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடுகிறது.

இந்தக் கரைச்சலைத் தொடக்கிவைத்தவர்கள் ராசாக்கள். கி.மு. 1200 அளவில் ஆண்ட ஷாங் வம்சத்து வூ டிங்குக்குப் பல்வலி வந்தது. எங்களூர் ஆளென்றால் கராம்பைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். இவர் ராசா அல்லவா? ஆமையோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஓட்டில் குழி குடைந்து சூடு வைத்தால் வெடிப்பு விழும். அந்த வெடிப்பைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். ராசாவின் கேள்வி: பல்லைப் பிடித்திருப்பது செத்துப்போன அப்பாவா, பெரியப்பாமாரில் ஒருவரா? ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரணை நடந்தது. பல்லை மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

மனைவி ஃபூ ஹாவ் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும் ஓடு சுட்டார்கள். இன்னின்ன நாளில் பிறந்தால் நன்மை என்று ராசாவே பலன் வாசித்தார். பிள்ளை 31 நாள் கழித்து வேறொரு நாளில் பிறந்தது. நல்லதாக அமையவில்லை, பெண்பிள்ளை என்று அதே ஓட்டில் செதுக்கினார்கள். பெண் என்றால் நல்லதில்லையாம்! ஃபூ ஹாவோ படை நடத்திப் போருக்குப் போன பெண். 1976இல் ஆன்யாங்கில் அவருடைய கல்லறையைத் தோண்டியபோது போர்க்கோடரிகள் வந்தன.

இப்படிப் பலன் பார்த்த எலும்புகளும் ஓடுகளும் பிற்காலத்தில் வயலில் கிளம்ப, ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக்கு விற்றார்கள். 1899இல் படித்தவர்கள் அவற்றிலிருந்த எழுத்தைக் கவனிப்பதற்குள், ராசாக்களின் கேள்விகளில் எத்தனையோ இடிபட்டுப் பொடியாகி நோயாளிகளின் வயிற்றுக்குள் போய்விட்டன.

யீ சிங் இந்த ஓடு சுடும் சாத்திரத்துக்குப் பிறகு வந்த சாமான். பின்வந்த ஷாங் அரசன் ஒருவன் சிறையில் போட்ட வென் அரசர் அங்கேயிருந்து அதன் வாசகங்களை எழுதினார் என்பது சீனத்துப் பரம்பரைக் கதை. மறியலில் இருப்பவனுக்குச் சாத்திரம் தானாக வரும் போலிருக்கிறது. எங்கள் கொட்டியாரக் குடாவிலும் அதற்கொரு சாட்சி உண்டு.

1659இல் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் தேடி அங்கே வந்து சேர்ந்தது. 1660இல் கண்டி ராசாவின் ஆட்கள் கப்டனையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு வயது 19. மறியல் இருந்ததும் 19 வருஷம். கண்டி ராச்சியத்தில் ஒருநாள் நொக்ஸ் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, ஒரு கிழவர் மூலம் ஆங்கில பைபிளொன்று விலைக்கு வந்தது. நொக்ஸ் தன்னிடமிருந்த ஒரேயொரு பொற்காசையும் கொடுக்கத் துணிந்துவிட்டார். கூடவிருந்த பையன் விவரமானவன், தடுத்துவிட்டான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்குப் பேரம் படிந்தது.

புத்தகத்தைத் திறந்ததும் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது: இரட்சிப்புக்கு என்ன வழி என்று பவுலிடம் கேட்கிற இடம். நொக்ஸ் புல்லரித்துப்போனார். அங்கே கேட்டவன் கைதியல்ல, சிறைக்காவலன்! 1679இல் அவர் தப்பியது சொந்தக் காலால். அநுராதபுரக் காட்டுக்குள்ளால் நடந்து அரிப்பு ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

திருகோணமலையின் சொந்தச் சாத்திரம் பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கிறது. குளக்கோட்டன் என்ற ராசா கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி பிடிப்பான் என்று சொல்லும் கல் அது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயப் பறங்கியர், தங்களைச் சொல்லும் கல்லையே வாசலில் வைத்துவிட்டார்கள். பலித்த சாத்திரம் என்று இன்றைக்கும் காட்டுகிறோம். பறங்கி வந்துபோன பிறகு வெட்டிய கல்லோ என்று கேட்டால் ஊரில் அடி விழும்.

என்னைக் கேட்டால், இவர்களில் நாணயமான ஆள் பல்வலி ராசாதான். தான் நினைத்தபடி அமையாததை அதே ஓட்டில் வெட்டிவைக்க விட்டாரே! சாத்திரியாரிடம் போகிறவர்கள் கையோடு ஒரு கொப்பி கொண்டுபோங்கள். சொல்லும் பலனைத் திகதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.