பொடக்காளிக்கு வந்த மவுசு

வா கண்ணு, அந்தத் திண்ணையில குந்து. பழைய சாமானத்த வெச்சே பொடக்காளியத் தோட்டமாக்கறயாமா? நெம்ப நல்ல ரோசனை. எத்தன லச்சம் ஆச்சு?

சிரிக்காத சாமி, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். 1955-ல நம்ம கோயமுத்தூர்ல சபாபதிங்கறவரு மாவாட்டற கிரைண்டரச் செஞ்சாரு. அப்பறம் ஊரூரா ஆட்டாங்கல்லு தெருவுக்கு வந்துச்சு. உன்ற அப்பத்தா கல்லையும் உங்கப்பன் சந்துல உருட்டி உட்டான். இப்ப நீ யாரோ ஒரு அப்பத்தாளோட கல்லக் காசு குடுத்து வாங்கி, குழியில மோட்டார மாட்டி, தண்ணியக் கொப்புளிக்க உட்டிருக்கறே. அம்மியில கத்தாழை. சால்ல செவ்வந்தி. அந்தச் சால்ல தண்ணி எறைச்சுக் கவலை ஓட்டுன மனுசன் இதப் பாத்தா என்ன சொல்லுவான்?

சண்டிகர்ல நேக் சந்துனு ஒரு ரோட்டு இன்ஸ்பெக்டரு இருந்தாரு. ஒடஞ்ச வளையல், பீங்கான், இடிச்ச ஊட்டுக் கல்லுனு பொறுக்கியாந்து, சர்க்காருக்கே தெரியாம வருசக்கணக்காத் தோட்டங் கட்டுனாரு. 1976-ல அத ஊருக்கே தொறந்து உட்டாங்க. அந்தாளு பொறுக்குனாரு. நீ பில்லுப் போட்டு வாங்கறே.

சரி, அந்தச் செவுத்தோரம் பெட்டி பெட்டியா அடுக்கியிருக்கறயே, பேலட் கட்டை, அதப் பொரட்டிப் பாத்தயா? வெளிநாட்டுச் சரக்கோட வந்த கட்டையில முத்திர இருக்கும். எச்.டி.னு இருந்தா சூடு காட்டிப் பூச்சியக் கொன்னது. எம்.பி.னு இருந்தா மீத்தைல் புரோமைடு, வெசவாயு. அதுல கீரை போடாத. அக்கட்டால ரயிலு ரோட்டுக் கட்டை ஒண்ணு கறுப்பா மினுங்குதே, அது கிரியோசோட்டு எண்ணையக் குடிச்சது. கரையானே அண்டாத கட்டைக்குப் பக்கத்துல கொத்தமல்லி போட்டு நீ திம்பயா? பழசுங்கறதுக்காவ எல்லாத்தையும் கும்புடோணுமா என்ன?

வேலிக்கு என்ன, துருப்புடிச்ச தகரமா? துருவ வேற காசு குடுத்து ஏத்துனாங்களாமா! காங்கயம், தாராபுரம், மூலனூருப் பக்கம் ஒருக்கா போய்ட்டு வா. அங்க கொறங்காடு இருக்குது. உள்ள கொழுக்கட்டப் புல்லு, அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்ளவேல மரம், சுத்தியும் கிளுவ வேலி. கொம்ப ஒடிச்சு நட்டாங்க, மழை வந்துச்சு, தழைஞ்சுக்கிச்சு. மாட்ட உள்ள உட்டுப் படலச் சாத்துனா காவலுக்கு ஆளு வேண்டாம். மழையில்லாத சீமையில பாட்டன் பூட்டன் காலத்துலருந்து நிக்கற வேலி அது. அதுக்கு எந்த டிசைனரு வந்தான்?

நம்மூருக்கு வருசத்துக்கு 700 மில்லிமீட்டரு மழை வந்தாலே பெருசு. நீ நடுவால புல்லுத்தரை போட்டுக் காலையும் சாயங்காலமும் சிறுவாணித் தண்ணிய ஊத்தறே. பாத்தரங் கழுவுற தண்ணி சாக்கடைக்கு ஓடுது. அத வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பி உட்டா ஆவாதா? அரிசி களஞ்ச தண்ணியும் புளிச்ச மோரும் கறிவேப்பிலைக்கு. துணி தொவைக்கற பவுடரு தண்ணிய மட்டும் அண்ட உடாத, மண்ணு செத்துரும்.

தேங்கா நார்க்கழிவக் கட்டி கட்டியா ஆன்லைன்ல வாங்குனயாமா? பொள்ளாச்சி நாரு மில்லுக வாசல்ல அது மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது. பச்சையாப் போட்டா ஆவாது கண்ணு. அது மக்கறதுக்கே மண்ணுல இருக்கற தழைச்சத்தத் தின்னுரும், செடி வெளுத்துப்போயிரும். நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் மாத்தி மாத்தித் தூவி மக்க வெக்கச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க. லாலி ரோட்டுல போயிக் கேளு. உன்ற ஊட்டுலருந்து கூப்புடு தூரம். அங்க போக மாட்டே, அமெரிக்காக்காரன் வீடியோவ மட்டும் ராத்திரி முழுக்கப் பாப்பே.

மம்புட்டி புதுசாட்ட இருக்குது. புடிச்சயா இல்ல போட்டோவுக்கா? சரி சரி, மொகத்தத் தூக்கிக்காத. அந்த டப்பாவுல என்ன? மண்புழுவா! அதையுமா வாங்குனே? சாணியக் கொட்டிச் சருகப் பரப்பி, ஈரங் காயாமப் பாத்துக்கிட்டா தானா வந்து சேருமே. கூலியுங் கேக்காது. வாங்குனது வாங்கிட்டே, வெயில்ல வெச்சுட்டு இங்க வந்து பேசிக்கிட்டிருக்கறயே, எடுத்து நெழல்ல வை போ.