கன்னி மூலையில் ஒரு சோபா

ஓமலூரில் மேட்டூர் ரோடு, தாரமங்கலம் ரோடு, தர்மபுரி பைபாஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் கடலைக்காடு மனையாகி, மனை மாடிவீடாகி நிற்கிறது. அந்த வீடுகளோடு சேர்ந்து ஒரு புதுவகை மனிதரும் விளைந்திருக்கிறார். அவருக்குக் கார்னர் சோபாக்காரர் என்று பெயர் வைக்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக்கடன் இன்னும் பாதியைத் தாண்டியிருக்காது. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இன்ச் டேப் இருக்கும். அடிக்கணக்கை விட்டு டைல் கணக்குக்கு மாறியவர். ஹால் எவ்வளவு பெரிசு என்று கேட்டால், “நீளம் எட்டு டைலுங்க, அகலம் அஞ்சரை டைலுங்க” என்பார். டைல் இரண்டடிக்கு இரண்டடி என்பதால் பதினாறுக்குப் பதினொன்று என்று நாமாகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் எல் வடிவ சோபா ஒன்று, எதிரே ஜோடியாகத் தனி நாற்காலி இரண்டு, நடுவே டீப்பாய் என்று அவர் மனத்தில் ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் உட்கார இடம் வேண்டாமா என்பது அவர் சொல்லும் நியாயம். ஆனால் அந்த ஹாலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், இடம் கிடைத்திருப்பது வாஸ்துவுக்கும் டிவிக்கும் இன்னும் வந்து சேராத விருந்தாளிக்கும்தான். வீட்டு மனிதர்கள் டைலில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்திருக்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு அவர் வாங்கியிருப்பது ஒரு சாய்மானம்.

இதை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வீடுகளில் உட்காரும் இடம் ஆட்களோடு கூடவே நகர்ந்தது. திண்ணையில் வெயில் ஏறினால் கயிற்றுக் கட்டில் வேப்பமரத்தடிக்குப் போகும். தூறல் விழுந்தால் அதே கட்டில் ஆசாரம் என்கிற கூடத்துக்குள் வரும். பத்துப் பேர் வந்தால் பாய்கள் விரியும், அவர்கள் கிளம்பியதும் சுருண்டு சுவரோரம் நிற்கும். பிறகு கல்யாணச் சீரில் பீரோ, கட்டிலோடு ‘த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன்’ வந்து இறங்கியது. மூவர் சோபா ஒன்று, ஒற்றைச் சோபா இரண்டு. அதிலும் கொஞ்சம் சுதந்திரம் மிச்சமிருந்தது; மாமனார் வந்தால் ஒற்றையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சுவர் பக்கம் திருப்பியது டிவி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ல் தொடங்கியது, சன் டிவி 1993-ல் வந்தது, 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் டிவி இல்லாத வீட்டையே அபூர்வமாக்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்த இருக்கைகள் இந்த முப்பது ஆண்டுகளில் அணிவகுத்து ஒரே திக்கைப் பார்த்தன. கார்னர் சோபா வந்து அந்த அணிவகுப்புக்குப் போல்ட் போட்டு முறுக்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வகை இருக்கையைக் கண்டுபிடித்தவர்கள் நகர்த்துவதற்காகவே கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ஹார்வி ப்ராபர் 1940-களில் துண்டு துண்டான இருக்கைகளைச் செய்து, வேண்டியபடி சேர்த்தும் பிரித்தும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இத்தாலியில் மரியோ பெல்லினி 1970-ல் வடிவமைத்த கமலியோந்தா சோபாவில் முதுகையும் கையையும்கூடக் கொக்கியைக் கழற்றி இடம் மாற்றலாம். நம் ஊருக்கு வந்து சேர்ந்தது இரண்டே துண்டு. அந்த இரண்டையும் சேர்த்து முறுக்க வந்த பையன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பியதோடு நகர்த்தும் உரிமையும் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு அதை நகர்த்த வேண்டுமானால் நாலு ஆள் வேண்டும், அல்லது கட்டின வீட்டை நகர்த்த வேண்டும்.

எந்த இடத்தில் போடுவது என்ற கேள்வியில்தான் கார்னர் சோபாக்காரரின் முழு மேதைமையும் வெளிப்படும். கனமான பொருள் கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்று வாஸ்து சொல்வதால் சோபா தென்மேற்கில் உட்காருகிறது. நீளமான கை தெற்குச் சுவரோடு ஒன்பது அடி, குட்டைக் கை மேற்குச் சுவரோடு ஏழு அடி. மின்சாரப் பொருளுக்கு அக்னி மூலை உகந்தது என்பதால் டிவி தென்கிழக்குக்குப் போகிறது. இரண்டு மூலையும் சாஸ்திரப்படி அமைந்துவிட்டன. தெற்குச் சுவரோரம் உட்காருபவர்கள் வடக்கைப் பார்த்து அமர்ந்து, கிழக்கே ஓடும் படத்தைக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சாஸ்திரம் எழுதியவர்கள் கவனிக்கவில்லை. அவர்கள் காலத்தில் சீரியல் இல்லை. அடுத்தது மின்விசிறி. காங்கிரீட் போடும்போதே ஹாலின் நட்டநடுவில் கொக்கியைப் பதித்துவிடுகிறார்கள். அந்த நடுப்புள்ளியிலிருந்து சோபாவின் மூலை இருக்கைவரை அளந்தால் சுமாராக ஏழரை அடி வருகிறது. இவ்வளவு வாஸ்து பார்த்தவர் இந்த ஏழரையை எப்படிக் கோட்டை விட்டாரோ தெரியவில்லை. சித்திரை வெயிலில் ஓமலூரில் ரெக்ஸின் சோபாவின் மூலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவருக்கு, சோபாவும் கூடவே எழுந்ததா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றும். இதற்கெல்லாம் முன்னால் கடையிலேயே ஒரு கண்டம் இருக்கிறது. லவுஞ்சர் என்ற கால் நீட்டும் பகுதி இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்பார்கள். சில கடைக்காரர்கள் எதிரே நின்று பார்த்து வலம் என்பார்கள், வாங்குபவர் உட்கார்ந்த மாதிரி நினைத்து வலம் என்பார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி மனமார ஒத்துப்போவதால், வந்து இறங்கும் லவுஞ்சர் பூஜை அறை வாசலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது.

கணக்கைத் தொடர்வோம். ஹால் 176 சதுர அடி. மூன்றடி ஆழமுள்ள அந்த எல், 39 சதுர அடியை விழுங்குகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. குறுக்கே அளந்தால் இன்னும் ருசியாக இருக்கும். அகலம் பதினொரு அடி. சோபாவுக்கு மூன்று, முழங்காலுக்கு ஒன்றரை, டீப்பாய்க்கு இரண்டு, அதைத் தாண்டி எதிரே உட்காருபவர் முழங்காலுக்கு ஒன்றரை, அவருடைய தனி நாற்காலிக்கு இரண்டரை. கூட்டினால் பத்தரை. மனிதர் தட்டில் காப்பி ஏந்தி நடக்க மூன்றடிப் பாதை வேண்டும், மிச்சமிருப்பதோ அரையடி. அந்த அரையடியில் பல்லி போகலாம். சரி, இத்தனை தியாகத்துக்குப் பலன் என்ன? கடையில் ஆறு பேர் உட்காரலாம் என்றார்கள். மூலையில் ஒருவர் உட்கார்ந்தால் அவர் கால் வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கத்துக்காரர் முழங்காலும் வந்துவிடுகிறது. அதனால் அங்கே தலையணைதான் குடியிருக்கிறது. லவுஞ்சரில் ஒருவர் கால் நீட்டினால் அத்தோடு அந்தப் பக்கம் முடிந்தது. நாலு பேர் உட்காருவதே பெரிய விஷயம். அந்த நாலு பேரும் சோபாவின் உண்மையான நிறத்தைப் பார்த்ததில்லை. கடைக்கு மூன்று முறை போய், பகல் வெளிச்சத்திலும் ட்யூப்லைட்டிலும் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் அது. அழுக்காகிவிடும் என்று முதல் நாளே அதன் மேல் சென்னிமலைப் போர்வை விழுந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கெல்லாம் அது கட்டம் போட்ட சோபா.

எதிரே நிற்கும் அந்த இரண்டு தனி நாற்காலிகள் தனி ரகம். சோபா சாம்பல் நிறமென்றால் இவை மஞ்சள். ஹாலுக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பொருந்தாத நிறத்தில் வாங்குவது என்று ஒரு முறை இருக்கிறது. அதைப் பிசகாமல் செய்திருக்கிறார். ஆனால் எடுப்பாக இருப்பதால் யாரையும் அதில் உட்கார விடுவதில்லை. குழந்தை ஏறினால் “இறங்கு கண்ணு, கால் ஆடுது” என்பார். பெரியவர் போனால் “அது சின்னதுங்க, நீங்க இப்படி சோபாவுல உக்காருங்க” என்று திருப்பிவிடுவார். நாளடைவில் ஒன்றில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும், இன்னொன்றில் கூரியரில் வந்த அட்டைப்பெட்டியும் உட்கார்ந்துகொள்கின்றன. அந்த வீட்டில் சௌகரியமாக இருப்பவர்கள் என்று பார்த்தால் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஓமலூருக்கு இந்த ஏற்பாடு ஏன் குறிப்பாக ஒத்துவராது என்பதற்கு ஊரின் இருப்பிடமே சாட்சி. இது வழியில் இருக்கும் ஊர். சேலத்திலிருந்து வரும் ரயில் பாதை இங்கேதான் தர்மபுரிக்கும் மேட்டூருக்குமாகப் பிரிகிறது. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போகிறவர்கள், தாரமங்கலம் கைலாசநாதரைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள், கமலாபுரம் விமான நிலையத்தில் பிள்ளையை ஏற்றிவிட வந்தவர்கள் எல்லோருக்கும் ஓமலூரில் ஒரு சொந்தம் இருக்கும். சொந்தம் இருந்தால் எட்டிப் பார்க்காமல் போனால் குற்றம். ஆகவே இந்த ஊர் ஹாலில் காலையில் நாலு பேர் இருப்பார்கள், பதினொரு மணிக்குப் பதினான்கு பேர் இருப்பார்கள், சாப்பிட்டதும் மறுபடி நாலாகிவிடும். அந்தப் பதினொரு மணிக்குக் கார்னர் சோபாக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். “வாங்க மாமா, வாங்க அத்தை, சோபாவுல உக்காருங்க” என்கிறார். மாமா ஒரு கணம் சோபாவைப் பார்க்கிறார், ஒரு கணம் மின்விசிறியைப் பார்க்கிறார். “இருக்கட்டும் மாப்ள, அந்தச் சேரை இப்படிப் போடுங்க” என்கிறார். மாடிப்படிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி வருகின்றன. ஐந்து நிமிடத்தில் விசிறிக்கு நேர்கீழே ஒரு வட்டம் சேர்ந்து, நிலம், நகை, நிச்சயதார்த்தம் எல்லாம் அங்கேயே பேசி முடிகின்றன. எதற்காகச் சோபா வாங்கினாரோ அந்த விருந்தாளிகள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல் வடிவத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒன்றை அவர்கள் சரியாகவே சொல்வார்கள்: மூலையைப் பங்கிட்டு உட்கார்ந்தால் பேச்சு நன்றாக வரும். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், ராபர்ட் சோமர் என்ற இருவரும் 1950-களில் இதைக் கவனித்தார்கள். எட்வர்ட் ஹால் 1966-ல் வெளியிட்ட நூலில் அதை விவரித்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைவிட மேசை முனையின் இரு பக்கமும் உட்கார்ந்தவர்கள் இரண்டு மடங்கு அதிகமாகப் பேசினார்கள்; பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், அகலத்துக்கு அந்தப் பக்கம் எதிரெதிரே உட்கார்ந்தவர்களைவிட மூன்று மடங்கு. ஆக, எல் வடிவம் பேச்சுக்கு உகந்ததுதான். ஆனால் அந்த அனுகூலம் இரண்டு பேருக்கு. அதுவும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால். இரண்டு பேர் முகமும் டிவிக்குத் திரும்பியிருக்கும்போது மூலை இருந்தும் பயனில்லை. மேலும், இரண்டு நாற்காலியைச் சற்றே சாய்த்துப் போட்டால் அதே மூலை இலவசமாகக் கிடைக்கிறது.

வயதானவர்கள் கீழே உட்கார முடியாதே என்பது அடுத்த வாதம். உண்மை. ஆனால் மெத்தென்று உள்வாங்கும் ஆழமான சோபாதான் மூட்டுவலிக்காரருக்கு முதல் எதிரி. உட்காருவது எளிது, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். ஒன்றரை அடி உயரத்தில் கெட்டியான இருக்கையும் அழுத்தி எழக் கைப்பிடியும் உள்ள நாற்காலி எதுவோ, அதுதான் பாட்டிக்கு நாற்காலி. மூன்றாவது வாதம் கௌரவம்: வர்றவங்க என்ன நினைப்பாங்க? அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது பதினொரு மணி வட்டத்திலேயே தெரிந்துவிட்டது. காற்று எங்கே வருகிறது என்று நினைப்பார்கள்.

கார்னர் சோபாக்காரரின் ஆசையில் தப்பில்லை. நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் வீடு வேண்டும் என்ற ஆசைதான் அது. வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல ஆசை இருக்க முடியாது. வாங்கும் வரிசையில்தான் பிசகு. நகராததை முதலில் வாங்கி நகரக்கூடியதைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். இனிமேல் வாங்கப் போகிறவர்கள் இன்ச் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். நடக்க மூன்றடி விடுங்கள். பிறகு கைப்பிடி வைத்த கெட்டியான நாற்காலி இரண்டு வாங்கி, அதில் மனிதர்களை உட்கார விடுங்கள். மூவர் சோபா ஒன்று சுவரோரம் இருக்கட்டும், மடக்கு நாற்காலி ஆறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பதினாறுக்குப் பதினொன்று ஹாலுக்கு இதுவே தாராளம். மிச்சமாகும் பணத்தில் மூலைக்கும் காற்று போகும்படி சுவரில் இன்னொரு விசிறி மாட்டுங்கள்.