கடவுச்சொல் குற்றவாளியல்ல

கேள்வி: டேப்லோவிலிருந்து அமேசான் ஆர்டிஎஸ்ஸில் உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை இணைத்தால் 'சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி' என்று வருகிறது. கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பாவம், கடவுச்சொல்லை விட்டுவிடுங்கள், அதன் முறை இன்னும் வரவேயில்லை! முதலில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அதை நம்பினால்தான் மென்பொருள் கடவுச்சொல்லை அனுப்பும். ஆர்டிஎஸ்ஸின் 2019-ஆம் ஆண்டு மூலச் சான்றிதழ் 2024 ஆகஸ்ட்டில் காலாவதியாகிவிட்டது. அதை மட்டும் வைத்திருக்கும் கணினி, சர்வரின் புதிய சான்றிதழை நம்பாது. அமேசான் தரும் புதிய சான்றிதழ்த் தொகுப்பை இறக்கி நிறுவுங்கள்.

அப்படியும் மறுத்தால், சர்வர் முகவரியில் ஐபி எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சான்றிதழில் இருப்பது பெயர். முழுப் பெயரையே கொடுங்கள். பதிலே வராமல் நேரம் கடந்து நின்றால் அது வேறு நோய்: 5432 போர்ட்டை ஃபயர்வால் மறித்திருக்கலாம்.

'எஸ்எஸ்எல் மறையாக்கத்தை அணைத்தால் வேலை நடக்கும்' என்பார்கள். சர்வர் அனுமதித்தால் நடக்கும், கூடவே வாடிக்கையாளர் விவரமும் மூடாமல் வெளியே நடக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள். சான்றிதழைப் புதுப்பியுங்கள், அதன் அடுத்த காலாவதித் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.